தாளக்கட்டுக்குக் காது கொடுத்த நால்வர்

தென்காசிப் பக்கம் தேனருவி மெல்லிசைக் குழு என்று ஒன்று உண்டு. ஆள் நாலு பேர். மூளை மட்டும் பொதுவில் ஒன்று. அதையும் யாரோ இரவல் வாங்கிப் போய்விட்டார்கள்.

டிரம்ஸ்காரர் மாமனார் ஊரோடு போய்விட்டதால், தலைவர் பொன்னுலிங்கத்தின் லேப்டாப்பில் ‘தாளக்கட்டு’ என்ற மென்பொருள்தான் தாளம் போட்டது. யாரும் உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம், சும்மாவே புழங்கலாம் என்று ஒரு புண்ணியவான் அள்ளிக் கொடுத்தது. குழுவில் மூன்று வருஷமாகத் தாளம் தப்பாத ஒரே ஆள் அதுதான். பொன்னுலிங்கத்துக்கு அதன்மேல் உயிர்.

ஒருநாள் காலையில் திறந்தால், செய்தவர் சுதர்சனனின் கடிதம்:

“தனி ஆளாக இனி முடியாது. யாரும் உதவாவிட்டால் ஐந்தே நாளில் தாளக்கட்டை நிறுத்திவிடுவேன். நிரல் எழுதத் தெரியாதவர்களும் உதவலாம். பூச்சி கண்டால் முழு விவரத்தோடு அனுப்புங்கள். நாலு பேர் காதில் போட்டு வையுங்கள்.”

பொன்னுலிங்கம் குழுவைக் கூட்டிக் கடிதத்தை வாசித்துக் காட்டினார். கணினிக்காரர்கள் பிழையைப் பூச்சி என்பார்கள். அதை இவர்களுக்கு யார் போய்ச் சொல்வது?

“எந்தப் பூச்சின்னு எழுதலியே அண்ணாச்சி?” என்றான் பாடகன் தங்கப்பழம்.

“தாளம் செஞ்சவரு கேக்காரு. பாடுற பூச்சியாத்தான் இருக்கும்வே,” என்றார் பொன்னுலிங்கம்.

தோப்பில் ஒரு சில்வண்டைப் பிடித்துத் தீப்பெட்டியில் அடைத்து, மூச்சுவிட ஓட்டை போட்டு, விவரமும் வைத்தார்கள். பெயர்: சில்வண்டு. தகப்பன் பெயர்: விசாரித்தும் தெரியவில்லை. சுருதி: ஐந்து கட்டை. அன்றைக்கே கூரியரில் போனது.

“அடுத்தது காது. எந்த நாலு பேரு?” என்றான் கிட்டார் வாசிக்கும் செவத்தியான்.

“நாம நாலு பேருதானே இருக்கோம்!” என்றான் புல்லாங்குழல் மாசானம். கணக்கு அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதில் எல்லோருக்கும் புல்லரித்தது.

கடிதத்தை அச்செடுத்து, நாலாகக் கிழித்து, சுருட்டி, ஆளுக்கொரு துண்டாகக் காதில் போட்டார்கள்.

“இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுட்டா?” என்று பதறினான் தங்கப்பழம். அந்தக் காதைப் பஞ்சால் அடைத்தார்கள்.

“‘போட்டு வையுங்கள்’னா எடுக்கப்படாதுன்னு அர்த்தம்,” என்றார் பொன்னுலிங்கம். அது யாருக்கும் கேட்கவில்லை. ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்காததால், குழு முதல்முறையாகச் சண்டையில்லாமல் நடந்தது.

ஐந்தாம் நாள் வீடியோ அழைப்பில் சுதர்சனன் வந்தார். “உங்க சில்வண்டைப் பாத்துச் சிரிச்சு சிரிச்சு வயிறு புண்ணாப் போச்சுங்க! இவ்வளவு பிரியமா யாருமே எதுவும் அனுப்பினதில்லை. அதோட சத்தத்தையே புதுத் தாளமாச் சேத்துட்டேன். நிறுத்தவே மாட்டேன்!” என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

காதடைத்த நால்வருக்கும் அவர் வாய் அசைந்ததே தவிர, சத்தமில்லை. மனுஷன் அழுகிறார் என்று மட்டும் தெரிந்தது. பொன்னுலிங்கம் தாளக்கட்டை முழுச் சத்தத்தில் ஓட விட்டார். ஒன்றும் கேட்கவில்லை.

“போயிட்டியே ராசா!” என்று லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார்.

மாலை போட்டு, பெரிய ஸ்பீக்கரோடு தள்ளுவண்டியில் ஏற்றி, தெருவழியே இறுதி ஊர்வலம் புறப்பட்டது. வண்டி அதிர அதிரத் தாளக்கட்டு வெளுத்து வாங்கியது, இடையிடையே சில்வண்டு. டீக்கடை, சலூன், ரேஷன் வரிசை என்று ஊரே இறங்கிக் குதித்து ஆடியது.

பொன்னுலிங்கம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார்.

“தாளம் செத்த பிறகும், பாருங்கவே, ஒவ்வொருத்தனும் தாளம் தப்பாம ஆடுதான்!”