ஒரு தாம்பூலத்துக்கு மூன்று குண்டு

நெடுங்குளம் பாளையத்தில் நாழிகை வட்டிலை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பாளையக்காரர் கொண்டம நாயக்கர் வெற்றிலை பாக்கை வாயிலிட்டு, மென்று, படிக்கத்தில் துப்பும் நேரம்தான் அங்கே கணக்கு. குதிரைக்கு லாடம் அடிக்க இரண்டு தாம்பூலம். ஒரு வழக்கை விசாரிக்க நான்கு. கைத்துப்பாக்கி என்றால், ஒரு தாம்பூலத்துக்குள் மூன்று முறை சுட வேண்டும்.

அந்தத் தாம்பூலத்தை மடித்துக் கொடுப்பவர் அடைப்பக்காரர் பெத்தண்ணன். நாயக்கருக்கு மிஞ்சியிருப்பவை இரண்டே கடைவாய்ப் பற்கள் என்பது அவருக்கு மட்டும் தெரியும். அதனால் பாக்கைத் தவிடுபோல் சீவித்தான் வைப்பார்.

தளவாய் திருவேங்கடம் பிள்ளை துறைமுகத்திலிருந்து இருபது புதுக் கைத்துப்பாக்கிகள் வாங்கி வந்தார். நாயக்கர் தாம்பூலத்தை வாயிலிட்டதும், ஆயுதசாலைக்காரன் சடையாண்டி ஒன்றை எடுத்து மருந்து போட்டான். குண்டை வைத்தான். இறங்கவில்லை. பழைய அச்சில் வார்த்த குண்டு. புதுக் குழலோ குறுகல். ஈயத்தைக் கத்தியால் சீவிச் சீவி உள்ளே இடித்து, ஒரு முறை சுட்டான். அதற்குள் நாயக்கர் துப்பிவிட்டார்.

"ஒன்றுதானா?"

"சோம்பேறி, மகாராஜா," என்றார் தளவாய்.

"சாமி, இதுக்குத் தனி அச்சு இருக்குமே," என்றான் சடையாண்டி.

"இருக்கிறது, துறைமுகத்தில். வீண் சுமை எதற்கென்று விட்டுவந்தேன். போய் எடுத்துவர எட்டு நாள் ஆகும். குண்டு குண்டுதானே! எந்தக் குழலானால் என்ன?"

நாயக்கருக்கு அது நியாயமாகப் பட்டது. "நாளைக் காலை மூன்று சுட வேண்டும். இல்லையென்றால் வலது கட்டைவிரலை வைத்துவிட்டுப் போ."

வெளியே வந்த சடையாண்டி தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"முன்கூட்டியே சீவி வைத்துக்கொள்ளேன்," என்றார் பெத்தண்ணன்.

"குண்டுப் பையைத் தளவாய் கொண்டுபோயிட்டாரு அண்ணே."

பெத்தண்ணன் சற்று யோசித்தார். "சரி. நாளைக்குப் பதறாதே. நிதானமாகச் சீவு."

மறுநாள் சபை கூடியது. பெத்தண்ணன் நீட்டியதை நாயக்கர் வாயிலிட்டார். ஒரே கடி. கண்கள் விரிந்தன. சபையில் வாயிலிட்டதை மெல்லாமல் துப்பினால் பாளையத்துக்கே ஆகாது என்பது அவருடைய பாட்டனார் காலத்து நம்பிக்கை. கன்னம் புடைக்க, அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டினார். "ம்... ம்..." என்றார். யாருக்கும் புரியவில்லை.

சடையாண்டி சீவினான். டுமீல்! மறுபடி சீவினான். டுமீல்! மூன்றாவதும் வெடித்தது. நாயக்கரின் தாடை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. சடையாண்டி ஆசைக்கு நான்காவதையும் சுட்டுவிட்டான்.

கடைசியில் படிக்கத்தில் 'டங்' என்று ஏதோ விழுந்தது.

"பெத்தண்ணா! முழுக் கொட்டைப்பாக்கையா வைத்தாய்?"

"பாக்குவெட்டியை வீட்டிலேயே விட்டுவந்தேன், மகாராஜா. வீண் சுமை எதற்கென்று."

"என் வாய் என்ன உரலா?"

"பாக்கு பாக்குதானே, மகாராஜா! எந்த வாயானால் என்ன?"

நாயக்கர் தாடையைத் தடவினார். தளவாயைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். வலித்தது, தாடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சடையாண்டி, விரல் உன்னிடமே இருக்கட்டும். பெத்தண்ணா, இந்தா என் வெள்ளிப் பாக்குவெட்டி. இனி மறக்காதே." தளவாய் பக்கம் திரும்பினார். "அச்சு வந்து சேரும்வரை இவருக்குத் தினம் மூன்று வேளை சபையில் தாம்பூலம். இன்றைக்கு வைத்த அதே பாக்கு."

தளவாய் மதியத் தாம்பூலத்துக்கு நிற்கவில்லை, குதிரை ஏறிவிட்டார். எட்டு நாள் பிடிக்கும் என்ற அச்சு, மூன்றாம் நாளே வந்து சேர்ந்தது.