கதவுக்குப் பின்னால் தொங்கும் பை

அந்தக் காலத்தில் பைகளுக்குப் பேச்சும் இருந்தது, நடையும் இருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிற வேலை மனிதர்களுக்கு இல்லை. இன்னது வேண்டும் என்று சொன்னால் போதும், பையே போய் வாங்கி வந்துவிடும்.

கடலோர ஊர் ஒன்றில் காத்தாயி என்பவளின் வீட்டில் அன்றைக்கு இருந்தவை மொத்தம் பத்துப் பைகள். கையால் செய்தவை நான்கு: காத்தாயி பின்னிய ஒயர் பை, வெற்றிலை பாக்குக்கென்று அவள் தைத்துக்கொண்ட சுருக்குப்பை, ஒட்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த ஜோல்னாப் பை, அவள் புருஷனின் பழைய கால்சட்டையை வெட்டித் தைத்த காக்கிப் பை. கடையிலிருந்து வந்தவையும் நான்கு: ஜவுளிக்கடைக் கட்டைப்பை, நகைக்கடை வெல்வெட் பை, அரிசி வாங்கிய சாக்குப்பை, மளிகைக்காரர் கேட்காமலே கொடுத்த பாலிதீன் பை. மீதி இரண்டும் ஒரே கல்யாணத்தில் தாம்பூலத்தோடு வந்த மஞ்சள் பைகள். எங்கே போனாலும் சேர்ந்தேதான் போகும்.

இந்தப் பத்தில் காக்கிப் பைக்குத்தான் கூச்சம் அதிகம். முழங்கால் தேய்ந்த இடத்தில் அதற்கு ஓர் ஓட்டை இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. தெருவில் போகும்போது ஓட்டைப் பக்கத்தைச் சுவரோரமாக வைத்துக்கொண்டே நடக்கும்.

ஒரு திங்கட்கிழமை, காத்தாயியின் நாத்தனார் வீட்டிலிருந்து எட்டுப் பேர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லியனுப்பினார்கள்.

"யாராவது போய் இருபது கிழங்கான் மீன் வாங்கிட்டு வாங்க" என்றாள் காத்தாயி.

பத்தும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"மீனுக்கு எப்பவும் ஒயர் பைதானே போகும்" என்றது ஜோல்னாப் பை.

"நேத்துதான் சோப்புப் போட்டுக் குளிச்சேன். இன்னிக்கு என்னால ஆகாது" என்றது ஒயர் பை.

"பட்டுப்புடவை தூக்கின உடம்பு இது" என்றது கட்டைப்பை.

"நாங்க மங்கல காரியத்துக்கு மட்டும்தான் போவோம்" என்றன மஞ்சள் பைகள் இரண்டும்.

"ஒரு மூட்டைக்குக் குறைஞ்சு நான் தூக்கறதில்லை" என்றது சாக்குப்பை.

"முள்ளு குத்தினா நான் கிழிஞ்சே போயிடுவேன்" என்று பாலிதீன் பை சரசரத்தது. வெல்வெட் பை வாயைக்கூடத் திறக்கவில்லை.

சண்டை வலுத்தது. சத்தம் தாங்காமல் காக்கிப் பை, "நான் போறேன்" என்றது. ஓட்டையைப் பற்றி அப்போதாவது சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது என்று பேசாமல் இருந்துவிட்டது.

போனது இருபது மீனுக்கு. வாங்கியதும் இருபதுதான். வழியில் நழுவியவை பதின்மூன்று. பின்னாலேயே வீடுவரை வந்த பூனைகள் மூன்று.

இலையில் உட்கார்ந்திருந்தவர்கள் எட்டுப் பேர், சட்டியில் இருந்த மீன் ஏழு. நாத்தனார் சட்டியை எட்டிப் பார்த்தாள். "ஏன் காத்தாயி, உங்க வீட்டுல மீனை மோந்து பார்த்துட்டுத்தான் சோறு தின்பீங்களா?"

காத்தாயிக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவர்கள் கிளம்பிப் போனதும் பைகளைப் பார்த்துச் சொன்னாள்: "நாளைக்குப் பழைய சாமான் வாங்கற பக்கிரி அண்ணன் வருவாரு. உங்க பத்துப் பேரையும் போட்டுட்டுப் பேரீச்சம்பழம் வாங்கப் போறேன்."

மறுநாள் காலை பைகள் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடந்தன. காக்கிப் பை மட்டும் யோசித்தது. பத்துப் பை என்றால் பக்கிரி எடுத்துக்கொள்வார். ஒரே ஒரு பைக்காக யார் தராசைத் தூக்குவார்கள்?

"எல்லாரும் எனக்குள்ள ஏறுங்க" என்றது.

"உனக்குள்ளயா? மீன் நாத்தம் குடலைப் புரட்டுது" என்றது கட்டைப்பை.

தெருமுனையில் பக்கிரியின் மணி ஒலித்தது. மறுபேச்சு இல்லாமல் கட்டைப்பைதான் முதலில் ஏறியது. சாக்குப்பை எட்டாக மடிந்தது. ஒயர் பை நசுங்கிக்கொண்டு நுழைந்தது. மஞ்சள் பைகள் பட்டென்று படுத்துக்கொண்டன.

"ஒண்ணு சொல்லணும்" என்றது காக்கிப் பை. "எனக்கு முழங்கால்ல ஓட்டை இருக்கு. நேத்து மீன் அதுலதான் போச்சு."

"இதை நேத்தே சொல்லியிருந்தா நானே போயிருப்பேனேப்பா" என்றது ஒயர் பை உள்ளிருந்து.

"விடுங்க, அதை நான் அடைச்சுக்கறேன்" என்று சுருக்குப்பை ஓட்டையில் போய் உட்கார்ந்தது.

ஒன்பதையும் விழுங்கிய காக்கிப் பை, கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியில் ஏறித் தொங்கியது. "யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

காத்தாயி வந்தாள். மூலை காலியாக இருந்தது. கதவை இழுத்துப் பார்த்தாள். காக்கிப் பை கர்ப்பிணி மாதிரி உப்பி நின்றது. முழங்கால் ஓட்டை வழியாகச் சிவப்புக் கயிறு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. சுருக்குப்பைக்காக அவளே முறுக்கிய கயிறு. அது நடுங்கிக்கொண்டிருந்தது.

"எத்தனை பை இருக்கு தங்கச்சி?" என்று வாசலிலிருந்து கேட்டார் பக்கிரி.

காத்தாயி கயிற்றைப் பார்த்தாள். அதைக் கட்டைவிரலால் மெல்ல உள்ளே தள்ளினாள்.

"ஒண்ணுதான் அண்ணே இருக்கு."

"ஒரு பைக்கு ஒரு பழம்கூட வராதேம்மா."

"அப்போ அது இங்கேயே கிடக்கட்டும்."

மணிச் சத்தம் அடுத்த தெருவுக்குப் போனதும் அவள் காக்கிப் பையிடம் குனிந்து சொன்னாள்: "செவ்வாய்க்கிழமை தவறாம அவர் வருவாரு. சண்டைச் சத்தம் கேட்டுதோ, எண்ணிக்கையைச் சரியாச் சொல்லிடுவேன்."

பிறகு ஊசி நூல் எடுத்து வந்து, முழங்காலில் ஓர் ஒட்டுப் போட்டாள்.

அன்று முதல்தான் பைகள் பேசுவதில்லை. கடைக்குத் தாமாக நடந்து போவதும் இல்லை, நாம்தான் தூக்கிக்கொண்டு போகிறோம். பழைய சாமான்காரர் இன்னும் தெருவில் வருகிறார் அல்லவா? அதனால்தான் எந்த வீட்டில் பார்த்தாலும் கதவுக்குப் பின்னால் ஒரு பைக்குள் எல்லாப் பைகளும் சத்தமில்லாமல் இருக்கின்றன. காத்தாயி வீட்டில் மொத்தம் பத்து. உள்ளே போனவை ஒன்பது. வெளியே மிச்சம் ஒன்று.