ஓர் அரளி விதை

1936 நவம்பர் 14, விடாத அடைமழை. அரளி விதை கலந்த பாலைக் குடித்தே ஜமீன்தார் இறந்தார் என்று சவ விசாரணை அதிகாரி கண்டறிந்தார்; எத்தனை விதை என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

"சமையற்காரி சொக்கியைத் தூக்கிலிடுங்கள்!" என்று முழங்கினார் ஜமீன்தாரின் மருமகன், புலவர் ஆபத்சகாயம். பிறர் பேச்சுப் பிழையைத் திருத்தாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அது சொக்கிக்குத் தெரியும்.

"நடந்ததைச் சொல்" என்றார் அதிகாரி.

"பாலிலே ஒரு அரளி விதை விழுந்துச்சுங்க, சாமி."

"மூடமே! 'ஒரு அரளி' அன்று, 'ஓர் அரளி'!" என்று சீறினார் புலவர்.

"சரிங்க, ஓர் அரளி விதை விழுந்துச்சு."

"அதுவும் பிழை! நான்கு விதைகள்; ஆகவே, 'விழுந்தன'!"

அதிகாரியின் பேனா நின்றது.

"எண்ணிப் போட்டவரு சொன்னா சரியாத்தான் இருக்கும், எழுதிக்குங்க சாமி" என்றாள் சொக்கி.

புலவர் ஆயுள் தண்டனை பெற்றார். சிறையில் சக கைதிகளின் பேச்சைத் திருத்தப்போய் இருமுறை உதை வாங்கினார். சொக்கி அதிகாரியின் வீட்டில் சமையலுக்குச் சேர்ந்தாள்.