முழங்கை உயரம்

அரம் இரும்பைத் தேய்க்கும் சத்தம். கேட்டு வெகு காலமாயிற்று. இன்றும் பல் கூசுகிறது.

ஒரு பொறியியல் கல்லூரியின் பட்டறை. முதலாண்டு மாணவர்கள் மேஜையோர வைஸில் இரும்புத் துண்டை இறுக்கிப் பிடித்து, அரத்தால் தேய்த்துச் சமமாக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு அரம் மட்டும் நின்றது.

"சார், என் டிசியைக் கொடுக்கச் சொல்லுங்க. நான் ஊருக்குப் போறேன்," என்றாள் குருவம்மாள்.

பட்டறை ஆசிரியர் இருதயராஜ் தலை நிமிரவில்லை.

"ஏன்?"

"ரெண்டாவது தடவையும் பெயில். எப்படித் தேய்ச்சாலும் சரிஞ்சுதான் வருது. இன்னொரு தடவை போனா சீட்டே போயிடும்."

"மத்த பொண்ணுங்க?"

"மெக்கானிக்கல்ல எங்க நாலு பேரைச் சேர்த்தப்ப மாலை போட்டுப் போட்டோ எடுத்தாங்க. மூணு பேரு போனப்ப ஏன்னு ஒருத்தரும் கேக்கல. பொம்பளைக்கு இது வராதுங்கறது நெசந்தான் போல."

பின்னாலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான்.

"முக்காலி போட்டு ஏறி நின்னுக்க தாயி!"

சிரிப்பு.

"செங்கல் போட்டுத்தான்டா நிக்கிறேன். அதுவும் ஆடுது."

இருதயராஜ் எழுந்து வந்தார். செங்கலைப் பார்த்தார்.

"வைஸ் எந்த உயரத்துல இருக்கணும்? புத்தகத்துல என்ன போட்டிருக்கு?"

"நிக்கிறவங்க முழங்கை உயரத்துல."

"யார் முழங்கை?"



அவள் செங்கலை விட்டு இறங்கி வைஸின் பக்கத்தில் நின்றாள். கையை மடக்கிப் பார்த்தாள். வைஸ் அவள் நெஞ்சுக்கு மேலே இருந்தது.

"சார்," என்றாள். "ரம்பம் எங்க இருக்கு?"

அவர் சுவரிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

அவள் மேஜையின் கால்கள் நல்ல தேக்கு. அறுத்து முடிக்க மத்தியானமாயிற்று. கடைசிக் காலை ஆடாமல் பிடித்துக்கொண்டவன், முக்காலி போடச் சொன்னவன்.

செய்தி கேட்டு முதல்வர் ஓடி வந்தார்.

"அரசாங்கச் சொத்துய்யா இது! இவ்வளவு குட்டையா அறுக்க யார் உத்தரவு கொடுத்தது?"

இருதயராஜ் குருவம்மாளைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் ரம்பத்தைக் கீழே வைக்கவில்லை.

"இவ்வளவு உயரமா செய்ய யார் உத்தரவு கொடுத்தாங்க ஐயா?"



அடுத்த மாதம் இருதயராஜுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது.

குருவம்மாள் மெக்கானிக்கல் பட்டம் வாங்கிக்கொண்டுதான் வெளியே போனாள்.