எதையும் தாங்கும் பலகை

ஒரு வாடகை வீட்டுச் சமையலறைக்குப் புளியமரப் பலகை ஒன்று வந்தது. காய் நறுக்குவதற்காக ஜெசிந்தா வாங்கி வந்திருந்தாள். கடைக்காரர் அதை விரலால் தட்டிக் காட்டி, ஒரே மரத்தில் அறுத்தது, ஒட்டுப்போட்டதில்லை, எதையும் தாங்கும் என்று சொல்லியிருந்தார். கழுவினால் நிமிர்த்திச் சாத்திக் காயவிடவும், அவ்வப்போது தேங்காய் எண்ணெய் தடவவும் சொன்னார். எதையும் தாங்கும் என்பது மட்டும் ஜெசிந்தாவின் மனதில் நின்றது.

பலகையின் மனதிலும் அதுவே நின்றது.

அந்தச் சமையலறையில் எண்ணெய் தோசைக்கல்லுக்குத்தான். தடவாமல் விட்டால் அது மாவைப் பிடித்துக்கொண்டு காலை வேளையில் வீட்டையே நிறுத்திவிடும். பலகை யாரையும் நிறுத்தியதில்லை. நறுக்கி முடித்ததும் கழுவி, ஈரத்தோடு மேடைமேல் படுக்கப் போட்டுவிடுவார்கள். அடிப்பக்கம் காய்ந்ததே கிடையாது.

"நீயும் கொஞ்சம் அடம் பிடியேன்டி" என்றது தோசைக்கல். "அடம் பிடிச்சுத்தான் நானே எண்ணெய் வாங்கிக்கிறேன்."

"இருக்கட்டும்க்கா. அவங்களுக்கே தலைக்குமேல வேலை. நான் தாங்கிக்குவேன்."

மழைக்காலம் வந்தது. ஊறிய பலகை மெல்ல வளைந்தது. கத்தி படும்போதெல்லாம் மேடையில் டக், டக்கென்று ஆடியது. அது செய்த ஒரே முறையீடு அதுதான். அதையும் அது வேண்டுமென்று செய்யவில்லை.

ஜெசிந்தாவின் கணவர் ஆரோக்கியம், தொலைக்காட்சி கேட்கவில்லை என்று உள்ளிருந்து குறைப்பட்டுக்கொண்டார். அவள் ஒரு பழைய துணியை நாலாக மடித்துப் பலகைக்கு அடியில் வைத்தாள். சத்தம் நின்றது. துணி எப்போதும் ஈரமாகவே இருந்தது. அந்த ஈரத்தில்தான் அடிப்பக்கம் விரிசல் விட்டது.

துணிதான் முதலில் அதைத் தடவிப் பார்த்தது. "நான் வேணா கொஞ்சம் நழுவிக்கிறேன். நீ ஆடு. அவங்களுக்குத் தெரியட்டும்" என்றது.

"வேண்டாம். இப்பதான் வீடு அமைதியா இருக்கு" என்றது பலகை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, முழுப் பரங்கிக்காயைப் பிளக்க ஜெசிந்தா கத்தியை ஓங்கினாள். காயோடு பலகையும் பிளந்தது.

அவள் இரண்டு பாதிகளையும் எடுத்துச் சேர்த்துவைத்துப் பார்த்தாள். அவளுக்குக் கோபமில்லை, வருத்தம்தான். "நல்லாத்தானே இருந்துச்சு. ஒருநாள்கூட ஒரு குறை காட்டலையே" என்றாள்.

ஒரு பாதி குப்பைக்குப் போனது. மறுபாதியைப் பின்கதவு அடிக்காமலிருக்க முட்டாக வைத்தார்கள். அங்கேயும் அது தாங்கியது.

அடுத்த வாரம், முன்னதைவிடக் கனமான பலகை வந்தது. கழுவி, ஈரத்தோடு மேடைமேல் படுக்கப் போட்டார்கள். தோசைக்கல் பழையபடி அடம் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது.

"இருக்கட்டும்க்கா" என்றது புதுப் பலகை. கதவடியில் கிடந்த பாதிக்கு அது கேட்டது.

பழைய துணியை ஜெசிந்தா தூக்கி எறியவில்லை. துவைத்து, நாலாக மடித்து, கைக்கெட்டும் இடத்தில் வைத்திருந்தாள்.