முள்ளிக்கரைத் தண்ணீரும் பண்டிதர் பெட்டியும்

குடிமக்களின் மனத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பூங்குன்றூர் மன்னர் வீரகேசரிக்குத் திடீரென்று இப்படி ஓர் ஆசை வந்தது. அவை விகடன் சாத்தப்பனைக் கேட்டிருந்தால், "போய்ப் பேசிப் பாருங்கள், மகாராஜா" என்றிருப்பான். அவனை யாரும் கேட்கவில்லை. வெளிதேசத்திலிருந்து வித்யாநிதிப் பண்டிதரை வரவழைத்தார்கள்.

பண்டிதர் ஒரு பெட்டியோடு வந்து இறங்கினார். மறுநாளே அவையோருக்குப் பயிலரங்கம் தொடங்கிவிட்டது. மக்களிடம் எப்படிக் கேட்பது, பதிலை ஓலை நறுக்கில் எப்படி எழுதுவது, சொல்லுக்குத் தக்கபடி ஓலையில் எங்கே துளையிடுவது என்றெல்லாம் பாடம் நடந்தது. துளையிட்ட ஓலையைப் பெட்டியின் வாயில் போட்டால் 'மகிழ்ச்சி', 'துயரம்', 'கோபம்' என்ற அறைகளில் ஒன்றில் அதுவாகப் போய் விழும். சேனாதிபதி முதல் பாடத்திலேயே தன் விரலைத் துளையிட்டுக்கொண்டார்.

பழகிப் பார்க்கப் பண்டிதரும் அவையோரும் முள்ளிக்கரைக்குப் போனார்கள்; சாத்தப்பனும் கூடப் போனான். குளத்துத் தண்ணீர் உப்பாகிவிட்டது, ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டித் தாருங்கள் என்று மன்னரிடம் முறையிட்டிருந்த ஊர் அது.

"உங்கள் ஊர்த் தண்ணீர் எப்படி, அம்மா?" என்று பண்டிதர் ஓலையைப் பார்த்தபடியே கேட்டார்.

இடுப்புக் குடத்தோடு நின்ற உண்ணாமலை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ரொம்ப அருமை சாமி! குடிக்கக் கொடுத்துவெச்சிருக்கணும்."

பண்டிதர் 'அருமை'க்கு உரிய இடத்தில் துளையிட்டார். அவளைப் போலத்தான் ஊரே பேசியது. 'மகிழ்ச்சி' அறை நிரம்பி வழிந்தது.

"பிறகு வாய்க்கால் எதற்கு? அந்த வேலையே வேண்டாம்" என்றார் மன்னர் அவையில்.

பெட்டி தவறு என்று சொன்னால் மன்னர் கேட்கமாட்டார்; அதை ஊரறிய மெச்சிவிட்டார். சாத்தப்பன் எழுந்து கைகட்டி நின்றான்.

"மகாராஜா, நானும் பயிலரங்கத்தில் உட்கார்ந்தேன். கற்றது சரிதானா என்று பண்டிதரிடமே ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கட்டுமா?"

பண்டிதர் பெருமையாகத் தலையசைத்தார். சாத்தப்பன் வெள்ளிக் குவளையில் தண்ணீர் கொடுத்தான். ஒரு மிடறு உள்ளே போனதும் பண்டிதரின் முகம் எட்டுக் கோணலாகியது.

"தண்ணீர் எப்படி, சுவாமி?"

"அமிர்தம்! போன ஜன்மத்தில் புண்ணியம் பண்ணியிருந்தால்தான் இதைக் குடிக்கக் கிடைக்கும்!"

சாத்தப்பன் ஓர் எழுத்து விடாமல் எழுதி, துளையிட்டு, பெட்டியில் போட்டான். ஓலை 'மகிழ்ச்சி'யில் போய் விழுந்தது.

"பண்டிதருக்கு மிகவும் பிடித்துவிட்டது, மகாராஜா. இங்கே இருக்கும்வரை அவருக்கு இந்தத் தண்ணீரையே கொடுக்க உத்தரவிடுங்கள்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் மன்னர்.

"ஐயோ! எரிச்சலில் சொன்னேன், மகாராஜா!"

"பெட்டி அப்படிச் சொல்லவில்லையே, சுவாமி."

"பெட்டிக்கு என்னய்யா தெரியும்? என் முகத்தைப் பார்த்தால் தெரியவில்லையா?"

"தெரிகிறது. முள்ளிக்கரையிலிருந்து நான் கொண்டுவந்த தண்ணீர்தான் அது. உண்ணாமலையின் முகமும் இப்படித்தான் இருந்தது. நீங்கள் ஓலையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்."

மன்னர் குவளையை வாங்கி ஒரு வாய் குடித்தார். விழுங்க வெகுநேரம் ஆயிற்று.

"நாளைக் காலையிலேயே வாய்க்கால் வெட்ட ஆள் போகட்டும்" என்றார். பிறகு பண்டிதரின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை. "சாத்தப்பா, உனக்கு என்ன பரிசு வேண்டும்?"

"அந்தப் பெட்டி போதும், மகாராஜா."

"அதை வைத்து என்ன செய்வாய்?"

"என் வீட்டுக்காரி கடுகும் சீரகமும் போட்டு வைப்பாள். அதுகளுக்குக் குத்தலாகப் பேசத் தெரியாது."