மூன்று ஜார் மிக்சி யாருக்கு?

இந்த விடுகதையில் மூன்று எண்கள் வரும். ஒன்றை மாற்றிச் சொல்லிவிட்டாலும் விடை கெட்டுப்போகுமே என்ற பயத்தில், கையில் எழுதி வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறேன். ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாளையங்கோட்டையில் ஒரு பூங்கா வாசலில் எனக்கு இட்லி மாவுக் கடை. காலையில் நடக்க வருகிறவர்கள் சாவி, கண்ணாடி, பல்செட் எல்லாவற்றையும் என்னிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் நடப்பார்கள். அதனால் நடைக் குழுவின் பரிசும், அதை உரியவரிடம் சேர்க்கும் பொறுப்பும் என் கடைக்கே வந்தன. புது மிக்சி, மூன்று ஜாரோடு. பெட்டியின் மேல் ஓர் அட்டை ஒட்டியிருந்தது: "இதயத்தை நன்றாகப் பார்த்துக்கொள்கிறவருக்கு." அவ்வளவுதான். இதை ஞாபகத்தில் வையுங்கள்.

அதையொட்டி ரத்தப் பரிசோதனை முகாமும் நடந்தது. இதயம் சிரமப்பட்டால் ரத்தத்தில் ஒரு பொருள் கூடுமாம். அது ரொம்பக் கூடினால் பின்னால் பக்கவாதம் வரவும் வாய்ப்பு அதிகமாம். அதை அளந்து ஆளுக்கு ஓர் எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். எண்ணைக் கண்டதும் எங்கள் ஆட்கள் அதைப் பரீட்சை மார்க் ஆக்கிவிட்டார்கள். எண் குறைந்தால் முதல் ரேங்க் என்று அவர்களே முடிவு கட்டினார்கள்.

முதலில் வந்தவர் மெத்தைக் கடை பேச்சிமுத்து அண்ணாச்சி. பூங்காவுக்குள் பத்தடி நடந்தவரில்லை. சிமெண்டு பெஞ்சு முழுவதையும் நிரப்பி உட்கார்ந்து, வடை தின்றுகொண்டே மற்றவர்களின் சுற்றுகளை எண்ணுவார். அவர் எண் 22. என் பேரைச் சொல்லி அதட்டினார்.

"பிரமு, மிக்சியை எடு. நூறு பேர்ல என்னைவிடக் குறைஞ்சவன் எவனும் இல்ல."

அடுத்து வந்தவர் ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் அருமைநாயகம் சார். அவர் எண் 150.

"போன வருசம் முந்நூத்திப் பத்து. ஒருநாள்கூட மாத்திரை தவறல. ஊறுகாயைக் கண்ணால பாக்கதோட சரி. பாதிக்கு மேல குறைச்சிருக்கேன். பரிசு எனக்குத்தான்."

"குறைச்சும் என்னைய மாதிரி ஏழு மடங்கு இருக்கே, வே!" என்றார் அண்ணாச்சி.

"நீரு முதல்ல பெஞ்சைவிட்டு எந்திரியும். அப்புறம் பேசுவோம்."

மூன்றாவது வடிவு அக்கா. வயது அறுபத்தெட்டு, குச்சி மாதிரி உடம்பு, தினமும் பன்னிரண்டு சுற்று. "நடக்கது நானு. பெஞ்சுல கெடக்கவங்களுக்கா மிக்சி?" என்றாள். தாள் எங்கே என்று கேட்டதற்குத் தொலைந்துவிட்டது என்றாள்.

தொலையவில்லை. என் அரிசி டின்னுக்குள் இருந்தது. முந்தின நாள் அவளே கொண்டுவந்து, "இந்தப் பேப்பரை யார்ட்டயும் காட்டிராத ஏட்டி. பன்னெண்டு சுத்து நடந்து கடைசி ரேங்க்னா எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இங்க வருவேன்?" என்று மாவுப் பாத்திரத்தின் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டாள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. எண் தெரியும். 840. அடியில் சிவப்பு மையில் இரண்டு கோடு.

சமீபமாகப் பன்னிரண்டாம் சுற்று முடிந்ததும் அக்கா பூங்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு, "நெஞ்சு படபடன்னு அடிக்கு, தண்ணி தா" என்பாள். அதை நினைத்து நினைத்து இரண்டு நாள் மாவில் உப்புப் போட மறந்தேன். ஊரே திட்டியது. நாயகம் சார் மட்டும் பாராட்டினார்.

மூன்றாம் நாள் முகாமுக்கு வந்த டாக்டரம்மா மாவு வாங்க வந்தார். சத்தியம் தாளுக்குத்தானே? நான் தாளை எடுக்கவில்லை.

"சும்மா கேக்கேன் டாக்டரம்மா, எண்ணூத்தி நாப்பதுன்னா என்னது?"

அவர் மாவுப் பாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டார். "யாருக்கு?"

"பேரு சொல்லமாட்டேன்," என்றேன். ஆனால் என் கண் பூங்கா கேட் பக்கம் போய்விட்டது. அங்கே அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணுக்கு நான் சத்தியம் பண்ணவில்லை.

டாக்டரம்மா நாடியைப் பிடித்துப் பார்த்து, அப்படியே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஈசிஜியில் இதயம் தாறுமாறாகத் துடிப்பது தெரிந்தது. அப்படித் துடித்தால் உள்ளே ரத்தம் கட்டி, அந்தக் கட்டி மூளைக்குப் போய் ஆளைச் சாய்த்துவிடுமாம். அதற்குள் தெரிந்துவிட்டதால் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்தார்கள்.

அண்ணாச்சிக்கும் டாக்டரம்மா ஒன்று சொன்னார். "உடம்பு பருமனா இருந்தா இந்த எண் தானாவே குறைச்சுக் காட்டும். உங்க பிபி நூத்தி எழுபது, தெரியுமா? இன்னைலேருந்து மாத்திரை போடணும்." அண்ணாச்சி வடையைக் கீழே வைத்தார். பாதி வடையைத்தான்.

மறுவாரம் மூன்று பேரும் மறுபடி கடை வாசலில். "எண்ணு என்னுதுதான் சின்னது," என்றார் அண்ணாச்சி. "குறைச்சவன் நான்," என்றார் சார். "ரத்தம் குடுத்து உயிரையே மீட்டவ நானு," என்றாள் அக்கா. மூவருமே என்னிடம் மாவு வாங்குகிறவர்கள். ஒருவரைப் பகைத்தாலும் எனக்கு நஷ்டம்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள்: குறைந்த எண் வந்தவர், எண்ணைக் குறைத்தவர், எண்ணால் பிழைத்தவர், இந்த மூவரில் மிக்சி யாருக்குச் சேரவேண்டும்?

விடை: அட்டையில் எண்ணைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. பார்த்துக்கொள்கிறவருக்கு என்றுதான் இருக்கிறது. அண்ணாச்சியின் எண்ணைக் குறைத்துக் காட்டியது அவருடைய உடம்பு, அவரல்ல. அக்கா எச்சரிக்கையை அரிசிக்குள் புதைத்தாள், பார்த்துக்கொண்டவர் டாக்டரம்மா. தன் பழைய எண்ணோடு மட்டும் போட்டி போட்டு, மாத்திரையும் பத்தியமுமாக இருந்தவர் நாயகம் சார். மிக்சி அவருக்குத்தான்.

இதைச் சத்தமாகச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் பெரிய ஜாரை சாருக்கும் மற்ற இரண்டையும் அவர்களுக்கும் கொடுத்துவிட்டு, மோட்டாரைக் கடையிலேயே வைத்துக்கொண்டேன். தினமும் அவரவர் ஜாரோடு சட்னி அரைக்க வருகிறார்கள். மாத்திரை போட்டாயிற்று என்று சொன்னால்தான் சுவிட்சைப் போடுவேன். அண்ணாச்சி மட்டும் கூடவே ஒரு சுற்று நடந்துவிட்டு வரவேண்டும். நானும் பயந்துபோய் ரத்தம் கொடுத்து, தாளை நேரே டாக்டரம்மாவிடம் காட்டிவிட்டேன். எண் எத்தனை என்று அண்ணாச்சி தினமும் கேட்கிறார். அவரிடம் சொல்லவே மாட்டேன்.